மஞ்சள் விரல்கள்

கனாவா ஆற்றுக்கு மேலே, வடக்குச் சரிவில்,
மேப்பிள் நிழலில் ஏழு வருடமாய்
கோல்டன்சீல் வளர்க்கிறேன்.
உழுததில்லை. உரமிட்டதில்லை.
உதிர்ந்த இலையை வாரிப் போர்த்துவேன், அவ்வளவே.

ஜூலையில் இலை நடுவில்
செம்பழம் ஒன்று வந்து உட்காரும்.
மான் முந்தும், இல்லை நான் முந்துவேன்.
சதையைக் கசக்கி அலசி
ஈரம் காயுமுன் விதையை மண்ணில் இட்டாக வேண்டும்;
ஒரு பிற்பகல் மேசையில் மறந்தால்
மணல்தான் மிச்சம்.
முளைத்தாலும் முதலாண்டு
பொட்டுப்போல் இரண்டு விதையிலை.
அதற்கு மேல் கேட்பவர் முள்ளங்கி போடலாம்.

போன செப்டம்பரில்
சர்ச்சில் விருந்தென்று எட்வினா
என்னை இழுத்துப்போன சனிக்கிழமை இரவில்
யாரோ பாத்தியைத் தோண்டிவிட்டார்கள்.
நாற்பது குழிகள்.
எண்ணியபின் மறுபடி எண்ணினேன்,
குறையுமோ என்று.

திங்கட்கிழமை பெட்ரோல் நிலையக் கல்லாவில் நான்.
டில்லர்ட் கோம்ஸ் நோட்டை நீட்டினான்.
நகக்கண்ணிலிருந்து கணு வரை மஞ்சள்.
சோப்புக்குப் போகாத மஞ்சள்.
என் கையும் அதே நிறம்.
அவன் பார்வை என் விரலில் இடறி
அப்படியே நின்றது.

வாயில் திரண்டு வந்தது வசவு,
முழு வாக்கியமும் தயார்.
அப்போதுதான் பார்த்தேன்
அவன் வாங்கியிருந்த டயாப்பர் பொட்டலத்தை.
ஆகச் சிறிய அளவு.

"பிறந்தாச்சா?"
"வியாழக்கிழமை. பெண்."
"அம்மா பால் கொடுக்கிறாளா?"
தலையசைத்தான்.

"எல்லாவற்றையும் விற்றிருக்க மாட்டாய்.
தொண்டை கரகரப்பு, சளி என்று
அவளுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காதே.
பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் ஆகாது,
பால் குடிக்கும்போதும் ஆகாது.
குழந்தை உதட்டில் தொட்டுக்கூட வைக்காதே,
பிறந்த சிசுவின் காமாலையை அது முற்றவைக்கும்.
உன் அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்,
அவருக்கும் வேண்டாம்.
மற்ற மருந்தோடு சண்டைக்குப் போகும் வேர் அது.
நானே மருந்துக்கடையில் கேட்டுத்தான் தொடுவேன்,
சில நாள். பிறகு நிறுத்திவிடுவேன்."

வரிசையில் பின்னால் நின்றவர்
எதைப் பற்றிப் பேச்சென்று விழித்தார்.
மீதிச் சில்லறையை எண்ணி வைத்தேன்.
எடுக்காமலே போனான்.
எழுபத்திரண்டு சென்ட்.
அதை நான் திருப்பித் தரவில்லை.

மாலையில் சரிவுக்குப் போனேன்.
திருடன் அவசரக்காரன்.
அறுந்த நார்வேர்கள் குழியோரம் கிடந்தன,
நூல் மாதிரி,
நாக்கில் வைத்தால் இன்னமும் கசப்பு.
விரலளவு நறுக்கிப் புதைத்தேன்.
இதிலிருந்தும் துளிர்க்கும்.
எல்லாமும் இல்லை, சில.

இன்னும் ஐந்து வருடம்.
அந்தப் பெண் பள்ளிக்கூடம் போவாள்.