வழக்குச் சொத்து

தேவகோட்டை கோர்ட்டில்
சொத்து அறைச் சாவி பதினோரு வருஷமாய் என்னிடம்.
வெட்டரிவாள், சாராயக் கேன்,
இரண்டாம் கல்யாணத்துக்கு ரகசியமாய் வாங்கிய தாலி,
இன்னும் மணம் விடாத சந்தனக்கட்டை,
எல்லாவற்றுக்கும் அட்டை எழுதி நூல் கட்டி வைத்திருக்கிறேன்.

வடக்கு மூலையில் மட்டும் புத்தகம்.
‘ஏழாம் மடை’, நாவல், நாற்பத்தொரு பிரதி.
‘மூணு நாள் கூலி பாக்கி’, கவிதை, பதினெட்டு.
ஸ்வரம் எழுதிய நோட்டு ஒன்று;
மகஜரில் அது ‘சங்கேத எழுத்து’.
அப்புறம்,
‘கறுப்புக் குழாய் ஒன்று, துளைகள் உள்ளது,
ஆயுதமாகப் பயன்படுத்தத் தக்கது.’
கல்யாணத்தில் பேண்டு செட்டே பார்த்திராத
சப்-இன்ஸ்பெக்டர் போலும்.

எதிரி: வேளாங்குடி சந்தியாகு.
கண்மாய்க்குள் தைலங்கன்று இறக்க வந்த லாரியின் முன்
கவிதை வாசித்தார்;
வாசித்து முடித்தும் நகரவில்லை.

ஒரு சனிக்கிழமை, லோக் அதாலத்,
கட்சிக்காரர் யாரும் வரவில்லை.
தூசி தட்டத்தான் எடுத்தேன்.
ஐம்பதாம் பக்கத்தில்
மடைக்காரன் பொண்டாட்டி வெறும் உரலை இடிக்கிறாள்,
அடுத்த வீட்டுக்குச் சத்தம் கேட்கட்டும் என்று.
என் அம்மா இடித்திருக்கிறாள்.
நான் யாரிடமும் சொன்னதில்லை.
இந்த ஆளுக்கு எவர் சொன்னது?

டிபன் பைக்குள் வீட்டுக்கு வந்தது அந்தப் பிரதி.
திருட்டுதான். பிரிவு எண்கூட எனக்குத் தெரியும்.

கவிதைகள் சுமார், சொல்லியாக வேண்டும்.
பாதி வரிகள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.
அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

விடுதலை ஆகி, அப்பீல் ஆகி,
பொருட்களைத் திருப்பித் தரச்சொல்லி உத்தரவு வர
பத்தொன்பது வருஷம்.
கைலிக்கு மேலே தேய்த்த சட்டை,
கண் ஆபரேஷன் செய்த கறுப்புக் கண்ணாடி.
ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுத் தொட்டு எண்ணினார்.
நாற்பது.
மறுபடியும். நாற்பது.
நான் பையைத் திறந்தேன்.

என் பென்சில் கோடுகளைப் புரட்டிப் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
பேனா வாங்கினார்.
‘அன்புடன்’ என்று ஏதோ எழுதப்போகிறார் என நினைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில்
‘மடை’ என்பது ‘மழை’ என்று அச்சாகியிருந்தது.
அடித்துத் திருத்தினார்.
“எல்லாத்தையும் திருத்திக்கிட்டு இருக்கப்பதான்
தூக்கி வேன்ல போட்டாங்க.
இது ஒண்ணுதான் விட்டுப்போச்சு.”
என் பக்கம் தள்ளிவிட்டு
‘நாற்பத்தொன்று பெற்றுக்கொண்டேன்’ என்று
கையெழுத்துப் போட்டார்.

கிளாரினெட்டை எடுத்து ஊதிப் பார்த்தார்.
ரீடு செத்திருந்தது. வெறும் காற்று.
டவாலி எட்டிப் பார்த்து “அமைதி” என்றான்,
பழக்க தோஷம்.

‘ஆயுதம்’ என்பதை அடித்துவிடலாமா என்று
பதிவேட்டைத் திறந்து கொஞ்ச நேரம் இருந்தேன்.
திருத்தினால் ஜட்ஜ் சுருக்கொப்பம் வேண்டும்.
ஐயா மதுரை போயிருந்தார்.
இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மூணு பத்து காரைக்குடி வண்டியில் ஏற்றிவிட்டேன்.
புத்தகக் கட்டுக்கு லக்கேஜ் கிழித்தார் கண்டக்டர்.
மடியில் கிடந்த குழாயைக் காட்டி
“அது என்ன பெரியவரே?” என்றார்.
சந்தியாகு ஏதோ சொன்னார்,
வண்டி எடுத்துவிட்டது, எனக்குக் கேட்கவில்லை.
கண்டக்டர் மட்டும்
அதற்கு டிக்கெட் போடாமல் நகர்வது தெரிந்தது.