ஷட்டர் திறந்த பின்

மூணேகால்.
பேச்சிப்பாறையில் ரெண்டு ஷட்டர், ஒன்றரை அடி.
பதிவேட்டில் எழுதிவிட்டு
இரையுமன்துறை பிலோமிக்குப் போன் போடுகிறேன்.
நேரில் கண்டதில்லை அவளை.
"எப்பம் வரும் வெள்ளம்?"

எங்கள் பக்கம் குடிப்பதும் வெள்ளம்,
குடி கெடுப்பதும் வெள்ளம்.

இந்நேரம் அது
ரப்பர் சரிவுகளின் கீழே
இருட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்.
திற்பரப்பில் ஆளில்லை,
கைப்பிடிக் கம்பிகள் மட்டும் குளிக்கும்.
மூவாற்றுமுகத்தில் பரளியாறு வந்து சேரும்,
செங்கல் நிறத்தில், அதுவும் தூங்காமல்.
குழித்துறைப் பாலத்தில்
பால்வண்டியை நிறுத்தி எவனோ பார்ப்பான்
ஒரு பலாமரம் காயோடு போவதை.
பிறகு சோம்பும் ஆறு.
வாழைகளுக்குள் நுழைந்து
நேரம் கடத்தும்.

"பத்து மணி ஆகும்."

மறுமுனையில் மௌனம். கணக்குப் போடுகிறாள்.
"பத்துக்குக் கடலேற்றம்லா.
ரெண்டு மணிக்கூர் பிடிச்சு வைக்க ஒக்குமா?"

என் கையில் ஷட்டரின் கிரீஸ்.
"ஒக்காதும்மா. போயாச்சு."

"செரி. அப்பம் பொழி வெட்டணும்."
அவள் போனை வைக்கவில்லை.
யாரையோ எழுப்புகிறாள். ததேயு, எழும்புடே.
மண்வெட்டி தரையில் உரசுகிறது.
அதற்கும் பின்னால்,
நான் அனுப்பியது
போய்ச் சேர வேண்டிய
இரைச்சல்.