ஆளுக்குப் பத்துப் பக்கம்

வால்டிவியாவில் மழை விட்டதென்று
யாரும் சொல்வதில்லை.
மூச்சு வாங்குகிறது என்பார்கள்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில்
என் அலுவலகம். கதவில்:
தொழில் வழிகாட்டல், ஆங்கில ஆசிரியர் பயிற்சித் துறை.
வருகிறவர்கள் வழி கேட்டு வருவதில்லை.
பிரிண்டர் இலவசம், ஆளுக்குப் பத்துப் பக்கம்.
ஹீட்டர் ஓரத்தில் சாக்ஸ் காயவைக்கலாம்.
சாக்ஸ் காய்கிற நேரத்தில்தான்
எலியாசர் கேட்டான்:
அப்பாவின் மீன்கடையில் ஏழு வருடம் நின்றதை
பயோடேட்டாவில் போடலாமா?
போடு என்றேன். எந்தத் தலைப்பில் என்றான்.
'கட்டுக்கடங்காத கூட்டத்தைச் சமாளித்தல்'
என்று ஒன்று கண்டுபிடித்தோம்.
கடல்சிங்கங்களையும் சேர்த்துத்தானே என்று
அவனே சிரித்துக்கொண்டான்.

மார்ச்சில் மேலிடத்துக்கு நான் நிரப்பும் படிவத்தில்
ஏழாம் கட்டம்: பட்டதாரி தன் துறையில் இருக்கிறாரா?
போன வருடத்து மாணவி ஒருத்தி
புண்டா அரேனாஸில் கப்பல் பயணிகளுக்குப்
பெங்குவின் காட்டுகிறாள்,
ஓர் இலக்கணப் பிழை இல்லாமல்.
ஆம் என்பதா, இல்லை என்பதா?

யாரிட்சா உவென்சுமில் வேறு ரகம்.
நேரம் குறித்து வருவாள், இரண்டு பேனாவோடு.
ஒத்திகை நேர்காணலில் நான் பள்ளி முதல்வர்.
கேள்விகள் அட்டையில் ஆங்கிலத்தில்,
உச்சரிப்பு கீழே பென்சிலில்.
நான் படித்தது உளவியல்.
ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய் என்று
தட்டுத்தடுமாறிக் கேட்டேன்.
என் வாக்கியத்தை அவள் மனதுக்குள் திருத்துவது
கண்ணில் தெரிந்தது.
பிறகு பதில் சொன்னாள், நீளமாய், நிறுத்தாமல்.
பாதி எனக்குப் புரியவில்லை.
'மிக நன்று' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

நவம்பரில் அவளுக்கு இரண்டு கடிதங்கள்.
சாண்டியாகோவில் ஒரு கால் சென்டர்:
இரவுப் பணி, இரண்டு மடங்கு சம்பளம்.
சிலோயேவுக்கு அப்பால் ஒரு தீவுப் பள்ளி:
பத்தொன்பது பிள்ளைகள்,
வாரம் இருமுறை படகு, காற்று சம்மதித்தால்.
நீங்களாய் இருந்தால் எது என்றாள்.

ஆலோசகர் தேர்ந்தெடுத்துத் தரக்கூடாது
என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
அதை எடுக்கவில்லை.
இழுப்பறை திறந்து என் ஒப்பந்தத்தை எடுத்தேன்.
டிசம்பர் முப்பத்தொன்று.
எப்போதும் அதே தேதி, வருடம்தான் மாறும்.
இந்த முறை வருடமும் மாறவில்லை.

அவள் ஒன்றும் சொல்லாமல்
நாற்காலியை என் பக்கம் தூக்கிப் போட்டாள்.
திரையில் என் விண்ணப்பம்:
கனடாத் தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு,
நாலு நாளாய் இரண்டாம் வரியில் நிற்கிறது.
"இங்கே 'பணிபுரிந்தேன்' வேண்டாம்" என்றாள்.
"இன்னும் இங்கேதானே இருக்கிறீர்கள்.
ஆங்கிலத்தில் அதற்கு ஒரு காலம் உண்டு.
தொடங்கிவிட்டது, முடியவில்லை."
நம் ஸ்பானியத்திலும் உண்டு,
நாம்தான் அதிகம் புழங்குவதில்லை என்றாள்.

ஒன்பது வருடம் அந்தக் காலத்தில்தான்
குடியிருந்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.

ஏழு மணிக்குக் காவலாளி விளக்கை அணைத்துப் போனார்.
திரை வெளிச்சத்திலேயே மூன்று பத்தி முடித்தோம்.
என் கடிதம் நாலு பக்கம், அவளுடையது இரண்டு,
எல்லாம் அவள் கணக்கில். மீதி நாலு.

எந்தக் கடிதத்துக்குச் சரி என்று எழுதினாள்?
உறையை ஒட்டிவிட்டிருந்தாள். நான் கேட்கவில்லை.
படியிறங்கும்போது மட்டும் திரும்பி,
உப்புத்தண்ணீர் தெறித்தால்
லேப்டாப் நனையாத பை எங்கே கிடைக்கும் என்றாள்.

எனக்கென்ன தெரியும்.
எலியாசரைக் கேள் என்றேன்.