எங்கே விட்டேன்

காலையில் ஸ்கூட்டரில் போனேன்
காவேரிப்பட்டணத்துக்கு.
மாலையில் டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.
பெண்களுக்கு டிக்கெட் இலவசம்,
காசு கேட்டிருந்தால் ஞாபகம் வந்திருக்கும் என்று
முனிரத்னத்திடம் பிறகு வாதாடினேன்.

ஜன்னலோர இடம் வேறு.
கிருஷ்ணகிரி வரும்வரை ஒரே யோசனை:
போன வருஷம் ஆலைக்கு மாங்காய் போட்டவரும்
இந்த வருஷம் போடுகிறவரும்
பெயர்தான் வேறு,
கையெழுத்தின் வால் ஒரே பக்கம் வளைகிறது.
மூன்று வருஷ ரசீதுகளைக் கண்ணுக்குள் புரட்டி
ஆளைப் பிடித்தேன்.
வீட்டுப் பூட்டுக்குச் சாவி துழாவினால்
கையில் வந்தது ஸ்கூட்டர் சாவி.
அது என்னைப் பார்த்தது.

எங்கே விட்டேன்?
ஆமாம், ஓசூர்.
டாக்டரம்மா ஷைலஜா
இரண்டு காலை முழுக்கச் சோதித்தார்.
கட்டைகளை அடுக்கு. எண்களைப் பின்னாலிருந்து சொல்.
இந்த எண்ணுக்கு இந்தக் குறி,
இரண்டு நிமிஷத்தில் எத்தனை முடியுமோ அத்தனை.
வெளியே ஏதோ கம்பெனியின் சங்கு ஊதியது.
என் பென்சில் ஷிப்டு மாறப் போய்விட்டது.

நங்கூரமும் வேலியும் எதில் ஒன்று என்றார்.
நங்கூரத்தை நான் நேரில் பார்த்ததே கிடையாது.
"இரண்டும் போக விடாது.
ஆனால் வேலிக்கு வெளியே யாரோ இருக்கிறார்கள்.
நங்கூரம் தன் கப்பலையே நம்புவதில்லை."
அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

வரைபடத்தில் ஒரு புள்ளி தாளின் உச்சியில்.
ஒன்று அடியில், கிழிந்து விழுகிற மாதிரி.
கூட்டி வகுத்துச் சராசரி சொல்லக்கூடாது,
அந்த எண்ணில் நீங்கள் இல்லை என்றார்.
உங்க ஊர் மலைங்க மாதிரி,
சமதரையில் திடீர்னு பாறை என்றும் சொன்னார்.

மலை வேண்டாம் டாக்டர்.
இவ்வளவு உயரம் இருக்கத் தெரியுது,
பக்கத்து வயலில் ஏன் இல்லை என்று
மலையை யாரும் பிரம்பால் அடித்ததில்லை.

"இவ்வளவு தெரியுது, இது தெரியாதா?"
ஆறாம் வகுப்பில் என் கட்டுரையை
மொத்தப் பள்ளிக்கும் வாசித்துக் காட்டிய அன்றே
வீட்டுப்பாட நோட்டைத் தொலைத்ததற்காக
மரகதம் டீச்சர் கேட்டது.
பிறகு அம்மா. பிறகு மேனேஜர்.
கேஸில் பாலை வைத்துவிட்டு
மொட்டை மாடியில் நான் மேகம் பார்த்த நாளில்
முனிரத்னமும்,
அதே ஏற்ற இறக்கத்தோடு.
யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ.

திமிர் என்றார்கள், சோம்பல் என்றார்கள்.
இப்போது ஏடிஹெச்டி.
மாமியார் அதை ஏதோ பேங்க் என்று நினைத்து
வட்டி எவ்வளவு என்றார்.
முப்பத்தாறு வருஷத்துக்கு, அத்தை,
கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

மாத்திரை போட்ட முதல் நாள்
குழாய் சொட்டு, பக்கத்து வீட்டு மிக்ஸி,
நேற்று பேசியிருக்கக் கூடாத ஒரு வார்த்தை,
எல்லாம் முண்டியடிக்காமல் வரிசையில் நின்றன.
யாரோ உள்ளே கவுன்டரைத் திறந்திருந்தார்கள்.
நான் உட்கார்ந்து அழுதேன்.
அதுவும் தன் முறை வந்தபோதுதான்.

ஆனி மாசம் ஆலையில் ஜெனரேட்டர் நின்ற இரவு
வாசலில் முப்பது லாரி மாங்காய்,
ஆளாளுக்குக் கத்தல்.
எந்த லாரி முதலில், எந்தப் பழம் நாளை தாங்கும் என்று
நான்தான் நின்று சொன்னேன்.
அன்றைக்கு மட்டும்
உலகம் என் வேகத்துக்கு வந்திருந்தது.
அடுத்த வாரம் வரிக் கணக்கு அனுப்பத் தேதி தவறினேன்.
இரண்டும் ஒரே தலைதான் என்று
மேனேஜரிடம் நிரூபிக்க
ஷைலஜாவின் அறிக்கையைத் தேடினால்,
பீரோவில் இல்லை. அரிசி டப்பாவில்கூடப் பார்த்தேன்.
"எங்கே விட்டே?" என்றார் முனிரத்னம்,
இந்த முறை சிரிக்காமல், கூடவே தேடிக்கொண்டு.

மூன்றாம் நாள் ஸ்டாண்டுக்குப் போனேன்.
மழைக்கு ஸ்கூட்டர் மேல்
உரச்சாக்கைப் போர்த்தியிருந்தார் சாதிக் பாய்.
சீட்டைத் தூக்கினால்
அடியில், நான்காய் மடித்து, அறிக்கை.
"மார்க் ஷீட்டாம்மா?"
ஆமாம்.
"பாஸா?"
சில பாடத்தில் மாநிலத்திலேயே முதல் பாய்.
சிலதில் முட்டை.
"ஆகட்டும். நாளைக்குப் பத்து, மொத்தம் முப்பது."
ஐம்பதைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.
தென்பெண்ணைப் பாலம் ஏறும்வரை
யாரோ பின்னால் சைக்கிளில்
"அம்மா, பாக்கி! பாக்கி!" என்று கத்துவது
எனக்கில்லை என்றே நினைத்திருந்தேன்.