கட்டம்

பீட்டர்பரோவில் நாள் முழுக்க மழை.
அட்டைப் பெட்டிக்குள் வந்தது லூன் பறவை,
கழுத்தை நிமிர்த்த இயலாமல்
தன் முதுகிலேயே அலகைச் சாய்த்துக்கொண்டு.

"கரையில ஏறிக் கிடந்தது" என்றார்
கொண்டுவந்த டோனா, சப்பாத்தெல்லாம் சேறு.
நிலத்தில் நடக்க வராத பறவை.
நீர் கைவிட்டால்தான் ஏறும்.

எக்ஸ்ரே எடுப்பது என் வேலை.
திரையில் எலும்புகள் புகைபோல.
இரைப்பையில் சாம்பலாய்ச் சில கூழாங்கற்கள்,
மீன்முள் அரைக்கவென்று
அதுவே தேடி விழுங்கியவை.
நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை.
எந்தக் கல்லும் அவ்வளவு வெள்ளை இல்லை.

பட்டாணி அளவு தூண்டில் ஈயம்.
அதையும் கல்லென்றுதான் எடுத்திருக்கும்.
கல் அரைக்கும்;
ஈயம் அரைபட்டு, அரைபட்டு
இரத்தத்தில் ஏறும்.

வைத்தியர் மார்கிட் படத்தைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
மருந்து அலுமாரித் திறப்பை எடுத்தார்.

போன யூலை.
தங்கூசி பாறையில் சிக்கிவிட்டது.
இரண்டு தரம் இழுத்தேன், வரவில்லை.
"விடு, ஒரு டொலர்ச் சாமான்" என்றான் தவயோகன்.
பல்லால் கடித்து அறுத்தேன்.
அன்றைக்கு மீனும் இல்லை,
வழியில் பீட்ஸா வாங்கிக்கொண்டு போனோம்.

ஒரு டொலர்க் குற்றியில்
இதே பறவை நீந்துகிறது.
இத்தனை வருடம்
மீதிக்காசாகவே எண்ணியிருக்கிறேன்.

படிவத்தில்
இனம் எழுதினேன்.
எடை எழுதினேன், இருக்க வேண்டியதில் பாதி.
அடுத்த கட்டம்: எந்த ஏரி?

டோனா வெளியில்தான் இருக்கிறார்,
ஈரச் சப்பாத்தோடு.
நான் இன்னும் போய்க் கேட்கவில்லை.