கிறீச்

போர்ட்டோ நகரில் என் வேலை
இல்லாத சத்தங்களை உண்டாக்குவது.
செலரித் தண்டை முறித்தால் எலும்பு.
சோளமாவுப் பையைப் பிசைந்தால் பனியில் நடை.
தோல் கையுறையை உதறினால் புறா.
இருபத்திரண்டு ஆண்டுகளாக
இப்படித்தான் ரொட்டி வாங்குகிறேன்.

அந்தத் தொடரின் நாயகிக்குக் கால்கள் இயங்காது.
நடிகை கொன்ஸ்தான்சாவுக்கு இயங்கும்.
அவளுக்கு உட்காரக் கற்றுக்கொடுக்க
தியோலிண்டாவை அழைத்திருந்தார்கள்.
நாள் கூலி.
பெயர்ப் பட்டியலில் நன்றி வரிசை,
மாநகராட்சிக்கும் ஒரு பூக்கடைக்கும் நடுவே.

ஸ்டுடியோ வாசலில் மூன்று படிகள்.
சாமான் இறக்கும் பின்வழியாக வந்தாள்,
பிளாஸ்டர் தூண்களோடும் பொய் மரங்களோடும்.
"நானும் செட்டுச் சாமான்தான், கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்" என்றாள்
என்னைப் பார்த்த முதல் நிமிடத்தில்.

இரண்டாம் நிமிடத்தில் கேட்டாள்:
"எது அப்படி அழுகிறது?"
"உங்கள் நாற்காலி."
ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு பழைய அலமாரிக் கதவில் நான் எடுத்த துரு.
அவள் பின்னால் போனாள். முன்னால் வந்தாள்.
என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
"ஞாயிறுதோறும் எண்ணெய் விடுகிறேன், அபிலியோ.
கிறீச்சிடும் செருப்போடு நீ விருந்துக்குப் போவாயா?"

பிறகு எதைப் பதியலாம் என்று காட்டினாள்.
உள்ளங்கை வளையத்தைத் தொட்டு விடும் சின்ன அறை.
சரிவில் இறங்கும்போது கையுறை சூடேறும் உரசல்.
ஈரத் தரையில் டயர் இழுக்கும் ஒரு நீண்ட 'ஸ்ஸ்'.
மடியில் தக்காளிப் பை.
கருங்கல் பாவிய தெருவில் பல் கிடுகிடுக்க
ஆற்றங்கரை வரை அவள் சொல்லிக்கொண்டே போன வசவுகள்,
மேயருக்கு ஏழு, கல் பதித்தவனுக்கு இரண்டு.
சாவியைத் தேடுவது. கிடைக்காமல் விசிலடிப்பது.
நாற்பது நிமிடம்.
அவ்வளவு நல்ல நாற்பது நிமிடம்
என் டேப்பில் வேறு இல்லை.

இயக்குநர் ஒலாவோ கண்ணை மூடிக் கேட்டார்.
"அழகு," என்றார்.
"சோகம் எங்கே?"

துருவைத் திரும்பப் போட்டேன்.
வாடகை, மகளின் பல்கம்பி,
சொல்ல ஒரு சாக்கு நிறையச் சாக்கு இருக்கிறது.

கடைசி அத்தியாயத்தில் அதிசயம் நடந்தது,
நடக்குமென்று ஊருக்கே தெரிந்த அதிசயம்.
கடற்கரையில் நாயகி எழுந்து நின்றாள்.
காலி நாற்காலி தானே அலையை நோக்கி உருண்டது.
யாருமே உட்காராத அதற்கும்
ஒரு கிறீச் கொடுத்தேன்.

தியோலிண்டா தொலைபேசியில் கத்தினாள்:
"பிரேக் போடாமல் எழுந்தவள் யார்?
உப்புத் தண்ணீர் பட்டால் பேரிங் என்னத்துக்கு ஆகும்?
ஒன்றுக்கு மனுப் போட்டுவிட்டுப்
பதினான்கு மாதம் படுத்துக் கிடந்தேன் நான்!"
சிரித்தேன். அவளும் சிரித்தாள்.
அவள் முதலில் நிறுத்திக்கொண்டாள்.

"நேற்று அடுத்த வீட்டு எர்மீனியா வந்தாள்.
ஒன்பது வருஷமாக என்னோடு லிஃப்டில் ஏறி இறங்குகிறவள்.
கையில் ஒரு எண்ணெய்ப் புட்டி.
'பாவம், உன் வண்டி ராத்திரியெல்லாம் அழுகிறதே,
சுவர் வழியாகக் கேட்கிறது' என்கிறாள்.
இந்த வாரம்தான் கேட்கிறதாம், அபிலியோ."

என் தொழிலில் இதைவிடப் பெரிய விருது கிடையாது.
மாட்டி வைக்க வீட்டில் சுவர் இல்லை.

புட்டியை என்ன செய்தாய் என்று கேட்டேன்,
வேறு எதையும் கேட்கத் தைரியமில்லாமல்.

"வாங்கிக்கொண்டேன். நல்ல எண்ணெய்.
காதை வைத்துத் தேடினேன்.
அழுதது எர்மீனியாவின் குளியலறைக் கதவு.
அதற்கு விட்டேன்.
இன்னும் பாதி மீதியிருக்கிறது.
உங்கள் வாசல் படி மூன்றுக்கும் விட்டால்
ஏதாவது நடக்குமா,
ஒலாவோவிடம் கேட்டுச் சொல்."