முந்நூற்று ஏழு

ஆசாரிப்பள்ளத்தில் கரண்ட் போய் வந்தது.
ஸ்கேனர் மறுபடி முதலிலிருந்து.
கண்ணாடித் தகட்டில் வறுவேலின் சிறுகுடல்,
நாலு மைக்ரான் கனம்.
கீரிப்பாறையில் ரப்பர் வெட்டு, வயது ஐம்பத்திமூன்று.
பெருங்குடலில் என்றால் வாரம் நாலு வரும்.
இங்கே வந்து இது முளைப்பது
என் பதினோரு வருஷத்தில் ஆறாவது முறை.

திரை முழுக்க நீலம்.
நீலத்துக்குள் பழுப்பாய் டி-செல்கள்.
ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் பொட்டு வைக்கிறது.
குறித்த சதுரத்துக்குள்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
"நல்ல கூட்டம் மேடம்" என்கிறான் ஜெப்ரின்.

பெருக்கிப் பார்த்தேன்.
கீழ் மூலையில் உருண்டையாய் ஒரு திரள்.
பேயர் திட்டு.
அவர்கள் அங்கேயே குடியிருப்பவர்கள்,
சண்டைக்கென்று வந்தவர்கள் இல்லை.
மெஷினுக்கு
குடியிருப்பவனும் ஓடி வந்தவனும்
ஒரே நிறம்.

மவுஸால் வேலி இழுத்து
அவர்களை வெளியே நிறுத்தினேன்.
முந்நூற்று ஆறு.

ஜெப்ரின் ஒன்றும் சொல்லவில்லை.
எத்தனை இருந்தால் போதும் என்று
பெருங்குடலுக்கு அட்டவணை வைத்திருக்கிறேன்.
இதற்கு?
ஐந்து பழைய ஃபைல்கள். அதில் மூன்று
முகவரி மாறிப் போனவை.

வராந்தாவில் அவர் மனைவி,
மழைத்தண்ணி சொட்டும் குடையை
சுவரில் சாய்க்காமல் கையிலேயே பிடித்தபடி:
"டாக்டரே, நல்லதா சீத்தையா?"
திங்கள்கிழமை வரச் சொன்னேன்.
பஸ் ரூபாய் எவ்வளவு என்று
அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.

திரும்பி வந்து ஓரம் ஓரமாய்
கண்ணாலேயே நடந்தேன்.
கட்டியின் விளிம்பில்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்ற இரண்டை
ஒன்றென்று எண்ணியிருந்தது.
பிரித்தேன்.

முந்நூற்று ஏழு.
அதை அப்படியே எழுதினேன்.